தொழில் கேள்வி – பதில்: விலைப்புள்ளி மென்பொருள் வாங்கும் முன்

கேள்வி: எங்கள் தொழிற்கூடம் சிங்கப்பூரின் துவாசில் இருக்கிறது. கட்டடங்களுக்கும் ஆலைகளுக்கும் வேண்டிய குறைந்த மின்னழுத்த சுவிட்ச்போர்டுகளைச் செய்கிறோம். ஒரு விலைப்புள்ளி தயாராக ஒரு வாரம் ஆகிவிடுகிறது; அதற்குள் வாடிக்கையாளர் வேறிடம் போய்விடுகிறார். கணக்குப் போடுபவர் எங்கள் மூத்த எஸ்டிமேட்டர் ஒருவர்தான். அவருடைய எக்செல் கோப்பு அவருக்கு மட்டுமே புரியும். அவரும் விரைவில் ஓய்வுபெறும் வயதை எட்டுகிறார். சிபிகியூ (CPQ) என்னும் விலைப்புள்ளி மென்பொருளை மூன்றே மாதத்தில் நிறுவித் தருவதாக ஒரு நிறுவனத்தார் சொல்கிறார்கள். வாங்கலாமா, ஐயா?
– வாசகர், துவாஸ்

பதில்: வாங்கலாம். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே முடித்தாக வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதை மென்பொருள் விற்பவர் யாரும் உங்களுக்காகச் செய்து தர முடியாது.

சிபிகியூ மென்பொருள் மூன்று காரியங்களைச் செய்கிறது. வாடிக்கையாளர் கேட்கும் அம்சங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்கிறது. பொருந்தியவற்றுக்கு விலை கணக்கிடுகிறது. பிறகு விலைப்புள்ளியையும் தொழிற்கூடத்துக்கான பொருள்பட்டியலையும் ஆக்கித் தருகிறது. பின்னிரண்டையும் எந்த நல்ல மென்பொருளும் செய்துவிடும். முதலாவதுக்கான அறிவு இன்று உங்கள் எஸ்டிமேட்டரின் தலைக்குள் மட்டுமே இருக்கிறது.

உங்கள் பொருளையே எடுத்துக்கொள்வோம். மின்னோட்ட அளவு ஆறு, உள்வரும் பிரேக்கர் அமைப்பு நான்கு, ஐபி பாதுகாப்புத் தரம் (தூசும் நீரும் பெட்டிக்குள் புகாமல் தடுக்கும் அளவு) மூன்று, உட்பிரிப்பு முறை நான்கு, கேபிள் நுழைவது மேலா கீழா என இரண்டு, அளவிடும் கருவி மூன்று என்று வைத்துக்கொண்டால், பெருக்கிப் பார்க்கும்போது 1,728 சேர்க்கைகள் வருகின்றன. அவற்றில் சில செய்யவே கூடாதவை; சில, கவனியாமல் விலை சொன்னால் நட்டத்தில் முடிபவை. வாடிக்கையாளர் ஐபி31 பெட்டிக்குப் பதிலாக ஐபி54 கேட்கிறார் என்று வையுங்கள். விலைப்பட்டியலை மட்டும் பார்க்கும் புதியவர் பெட்டிக்கான கூடுதல் தொகையைச் சேர்த்துவிட்டு நிறுத்திக்கொள்வார். உங்கள் மூத்தவரோ, பெட்டி இறுக்கமாக மூடப்பட்டால் காற்றோட்டம் குறையும், உள்ளே வெப்பம் தேங்கும், ஆகவே உள்ளே மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் செம்புப் பட்டையான பஸ்பார் முன்போல மின்னோட்டத்தைத் தாங்காது என்று அறிந்து, தேவையான இடத்தில் ஒரு படி பெரியதைப் போடுவார். இத்தகைய சுவிட்ச்போர்டுகளுக்கான அனைத்துலகத் தரநிலையான ஐஇசி 61439, சுற்றுப்புற வெப்பம் 24 மணி நேரச் சராசரியில் 35 டிகிரி செல்சியசைத் தாண்டாது என்பதை வழக்கமான நிலையாகக் கொள்கிறது. குளிரூட்டப்படாத நம் ஊர் மின்னறைகளில் அதை அப்படியே நம்பிவிட முடியாது என்பதும் அவருக்குத் தெரியும்.

இதன் பண மதிப்பைப் பாருங்கள். 100 மி.மீ. அகலமும் 10 மி.மீ. தடிமனும் உள்ள செம்புப் பட்டை ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 9 கிலோ எடை இருக்கும். மூன்று ஃபேஸ், ஒரு நியூட்ரல் என நான்கு வரிசைகளிலும் ஒவ்வொரு பட்டை கூடினால், ஐந்து மீட்டர் நீள சுவிட்ச்போர்டில் 180 கிலோ செம்பு கூடுகிறது. இந்த விதி மென்பொருளுக்குள் ஏறவில்லையென்றால், அந்த 180 கிலோவின் விலை சேராத விலைப்புள்ளி இரண்டே நிமிடத்தில் தயாராகி வாடிக்கையாளரிடம் போய்விடும். முன்பு ஒரு வாரம் பிடித்த வேலையில் தவறு நேர்ந்தால் இடையில் யாராவது கண்டுபிடிக்க வாய்ப்பிருந்தது. இனி அந்த வாய்ப்பும் இல்லை.

ஆகவே, கடந்த ஈராண்டு விலைப்புள்ளிகளிலிருந்து முப்பது நாற்பதைத் தேர்ந்தெடுங்கள். கிடைத்த ஆர்டர், கைநழுவிய ஆர்டர், கிடைத்தும் செலவு மீறிய ஆர்டர் மூன்றும் அதில் கலந்திருக்கட்டும். எஸ்டிமேட்டரோடு ஓர் இளம் பொறியாளரை உட்காரவைத்து, ஒவ்வொரு வரியிலும் “ஏன் இதைப் போட்டீர்கள்?” என்று கேட்கச் சொல்லுங்கள். பதில்களைச் சாதாரண வாக்கியங்களாகவே எழுதினால் போதும். “விதிகள் எல்லாம் எக்செல்லிலேயே இருக்கின்றன” என்று அவர் சொன்னாலும் நம்பிவிடாதீர்கள். கோப்பில் இருப்பது அவர் வந்தடைந்த எண்; அங்கே வந்து சேர்ந்த காரணம் பெரும்பாலும் அதில் எழுதப்பட்டிருக்காது.

மென்பொருள் அமைந்ததும் அதே விலைப்புள்ளிகளை அதில் மறுபடி போட்டுப் பாருங்கள். விடை மாறும் இடங்களில் மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும்: விதி விடுபட்டிருக்கும், உள்ளே இருக்கும் விலை பழையதாக இருக்கும், அல்லது அந்த வாடிக்கையாளரையோ அந்த வேலையிடத்தையோ மனத்தில் வைத்து எஸ்டிமேட்டர் தாமே ஒரு முடிவு எடுத்திருப்பார். முதலிரண்டைத் திருத்திவிடுங்கள். மூன்றாவதை விதியாக்க முயல வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அத்தகைய வேலைகள் பொறியாளரின் ஒப்புதலுக்குப் போகும்படி அமைத்து, அவர் விலையை மாற்றினால் காரணத்தையும் பதியச் செய்யுங்கள்.

எல்லாப் பொருள்களையும் ஒரே மூச்சில் ஏற்றாதீர்கள். அடிக்கடி விற்கும் ஒரே வகையில் தொடங்குங்கள். ஒவ்வொரு முறையும் புதிதாக வரைய வேண்டிய சிறப்பு வேலைகள் இப்போதைக்குப் பழைய வழியிலேயே போகட்டும்.

அதைவிட முக்கியமான கேள்வி, நிறுவிய பிறகு அந்த விதிகளை யார் பராமரிப்பது என்பது. இது இத்துறைக்குப் பழைய சிக்கல். அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன், தன் வாக்ஸ் கணினிகளின் ஆர்டர்களைச் சரிபார்க்க எக்ஸ்கான் என்ற நிரலை 1980இல் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஜான் மெக்டர்மட் 1978இல் எழுதத் தொடங்கியது அது. 1986 வாக்கில் 80,000 ஆர்டர்கள் அதன் வழியே போயிருந்தன. விதிகளும் ஏறத்தாழ 2,500ஆகப் பெருகியிருந்தன. கணினி வகைகள் மாறிக்கொண்டே இருந்ததால் விதிகளையும் ஓயாமல் மாற்றி எழுத வேண்டியிருந்தது. அதற்கென்றே தேர்ந்த ஆட்கள் தேவைப்பட்டனர். உங்கள் கூடத்திலும் பிரேக்கர் தயாரிப்பாளர் ஒரு மாடலை நிறுத்துவார், செம்பு விலை ஏறும், தரநிலை திருத்தப்படும். அவற்றை விதிகளில் ஏற்றும் பொறுப்பு உங்கள் ஊழியர் ஒருவரின் பெயரில் இருக்க வேண்டும். அவர் சுவிட்ச்போர்டு தெரிந்தவராக இருப்பது கட்டாயம், மென்பொருளைக் கற்றுக்கொள்ளலாம்.

அந்தப் பொறுப்புக்கு உங்கள் மூத்தவரையே கேட்டுப் பாருங்களேன். சிங்கப்பூரில் 2022 ஜூலை முதல் ஓய்வு வயது 63, மறுவேலை நியமன வயது 68. 2026 ஜூலை முதல் அவை 64, 69. ஓய்வு வயதை எட்டிய தகுதியுள்ள ஊழியருக்கு அந்த இரண்டாவது வயது வரை மறுவேலை வாய்ப்பளிப்பது முதலாளியின் சட்டக் கடமை. அன்றாட விலைப்புள்ளிச் சுமையை இறக்கிவைத்து, விதிகளைக் காப்பதும் இளையவரைப் பழக்குவதும் மட்டும் உங்கள் வேலை என்று சொல்லிப் பாருங்கள். தம் அறிவு தமக்குப் பின்னும் நிலைக்கும் என்ற நிறைவோடு பலர் மனமுவந்து ஒப்புக்கொள்வார்கள். “மென்பொருள் வருகிறது, இனி நீங்கள் தேவையில்லை” என்ற எண்ணம் மட்டும் அவர் காதுக்கு எட்டிவிடக் கூடாது. எட்டினால் எவ்வளவு கேட்டாலும் பாதிதான் சொல்வார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

மூன்று மாதம் என்பது மென்பொருளை நிறுவப் போதும். விதிகளைத் திரட்டும் காலத்தை அதற்கு முன்னால் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் மென்பொருள் வந்து ஓராண்டாகிறது. மேலாளர் விலைப்புள்ளிகளில் 25 விழுக்காடு இலாபம் வைக்கச் சொன்னார், அப்படியே அமைத்தோம். ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது 20 விழுக்காடுதான் நிற்கிறது. மென்பொருளில் பிழையா?
– வாசகி, சுங்கை காடுட் (கணக்குப் பிரிவு)

பதில்: மென்பொருள் சரியாகத்தான் கணக்கிட்டிருக்கும். அடக்கவிலையின் மேல் 25 விழுக்காடு கூட்டுவதும், விற்பனை விலையில் 25 விழுக்காடு இலாபமாக நிற்பதும் வெவ்வேறு. அடக்கம் 60,000 வெள்ளி என்றால், அதன் மேல் 25 விழுக்காடு கூட்ட விலை 75,000 ஆகிறது. கிடைக்கும் 15,000 அந்த விலையில் 20 விழுக்காடுதான். விற்பனை விலையில் 25 விழுக்காடு நிற்க வேண்டுமென்றால் 60,000த்தை 0.75ஆல் வகுத்து 80,000 வெள்ளி என்று விலை சொல்லியிருக்க வேண்டும். ஒரு விலைப்புள்ளிக்கு 5,000 வெள்ளி வேறுபாடு. மேலாளர் மனத்தில் இருந்தது எது என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதற்கேற்ப மாற்றுங்கள். தள்ளுபடிக்கு ஒப்புதல் தரும் வரம்புகளும் அதே அடிப்படையில் இருக்கின்றனவா என்பதையும் உடனே பாருங்கள். அங்கேதான் இந்தக் குழப்பம் இரண்டாம் முறை நுழைகிறது.

பொருள் சேவை வரியையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அது 2023 ஜனவரியில் 8 விழுக்காடாகவும் 2024 ஜனவரியில் 9 விழுக்காடாகவும் உயர்ந்தது. வரி விகிதத்தை விலைச் சூத்திரத்துக்குள் நேரடியாக எழுதிவிட்டவர்கள் அப்போது ஒவ்வொரு சூத்திரமாகத் தேடித் திருத்த நேர்ந்தது. விகிதத்தைத் தேதியோடு தனி அட்டவணையில் வையுங்கள். ஜொகூருக்கோ பாத்தாமுக்கோ ஏற்றுமதியாகும் பொருளுக்கு நிபந்தனைகள் நிறைவேறினால் சுழிய விகிதம் (வரி 0 விழுக்காடு) என்பதால், பொருள் எங்கே போகிறது என்ற விவரத்தையும் மென்பொருள் கேட்க வேண்டும்.

கேள்வி: விற்பனைப் பிரிவினர் புதிய மென்பொருளைத் தொடுவதே இல்லை. பழைய எக்செல்லில் விலை சொல்லிவிட்டுப் பிறகு பெயருக்கு அதில் பதிகிறார்கள். கட்டாயப்படுத்தலாமா?
– வாசகர், ஊபி

பதில்: கட்டாயப்படுத்துவதற்கு முன் அவர்களில் ஒருவர் அருகில் அமர்ந்து, ஒரு விலைப்புள்ளி முழுதையும் அவர் போடுவதைப் பாருங்கள். வாடிக்கையாளர் தொலைபேசியில் உத்தேச விலை கேட்கும்போது நாற்பது கட்டங்களை நிரப்பினால்தான் எண் வரும் என்றால், யாராக இருந்தாலும் எக்செல்லுக்குத்தான் போவார்கள். விலையை நிர்ணயிக்கும் ஏழெட்டுக் கேள்விகளை முன்னால் வைத்து, மற்றவற்றுக்கு வழக்கமான விடையை முன்கூட்டியே நிரப்பிவையுங்கள். அதன் பிறகு ஒரு தேதி குறித்து, மென்பொருள் எண் இல்லாத விலைப்புள்ளியைத் தொழிற்கூடம் ஏற்காது என்று அறிவியுங்கள்.

கேள்வி: சிபிகியூ மென்பொருள் வாங்க அரசாங்க மானியம் கிடைக்குமா? விற்பனையாளர் முன்பணம் கட்டச் சொல்லி அவசரப்படுத்துகிறார்.
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: முன்பணம் கட்டாதீர்கள். முன்னங்கீகாரம் பெற்ற தீர்வென்றால் உற்பத்தித்திறன் தீர்வு மானியமும், உங்களுக்கென வடிவமைக்கும் திட்டமென்றால் எண்டர்பிரைஸ் சிங்கப்பூர் என்ற அரசாங்க அமைப்பின் நிறுவன மேம்பாட்டு மானியமும் பொருந்தக்கூடும். குறைந்தது 30 விழுக்காடு உள்ளூர்ப் பங்குரிமை இருக்க வேண்டும். 2023 ஏப்ரலிலிருந்து சிறு, நடுத்தர நிறுவனங்களுக்குத் தகுதியுள்ள செலவில் 50 விழுக்காடு வரை என்பது பொதுவான உச்ச வரம்பு. விண்ணப்பிப்பதற்கு முன்பே பணம் கட்டியிருந்தாலோ வேலையைத் தொடங்கியிருந்தாலோ தகுதி போய்விடும். மானியத் தொகை, வேலை முடிந்து நீங்கள் முழுக் கட்டணத்தையும் செலுத்திக் கோரிக்கை சமர்ப்பித்த பிறகே கைக்கு வரும் என்பதால், அதுவரை முழுச் செலவையும் தாங்கும் ரொக்கம் இருக்கிறதா என்பதை உங்கள் கணக்காளரோடு இப்போதே பேசிவிடுங்கள்.