கேள்வி – பதில்: எல்லாரும் ஒரே மாதிரி இருக்கிறார்களே!

கேள்வி: ‘க்வோ வாடிஸ், ஐடா?’ என்ற போஸ்னியப் படம் பார்த்தேன். யார் செர்பியர், யார் முஸ்லிம் என்றே ரொம்ப நேரம் பிடிபடவில்லை. இந்த மாதிரிப் படங்களுக்கு வரலாறு படித்துவிட்டுத்தான் உட்கார வேண்டுமா? (ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: பிடிபடாதது உங்கள் குற்றமில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்ல அந்த ஊர்க்காரர்களுக்கே வராது. முஸ்லிம்களான போஸ்னியாக்கள், ஆர்த்தடாக்ஸ் செர்பியர்கள், கத்தோலிக்கக் குரோஷியர்கள் என மூன்று தரப்பும் பேசுவது ஏறக்குறைய ஒரே மொழிதான், பெரும்பாலும் பெயரைக் கேட்டால்தான் ஆள் யாரென்று தெரியும். படத்தில் ஒரு செர்பியச் சிப்பாய், முன்பு ஆசிரியையாக இருந்த நாயகி ஐடாவைப் பார்த்ததும் ‘டீச்சர்’ என்று நலம் விசாரித்து, அவள் மகனைப் பற்றியும் கேட்பானே, நினைவிருக்கிறதா? பழைய மாணவன். அக்கறையா, வேவு பார்க்கிறானா என்று அவளுக்கே விளங்காதபோது கும்பகோணத்தில் இருக்கும் உங்களுக்கு மட்டும் எப்படி விளங்கும்!

முன்கூட்டித் தெரிய வேண்டியது கொஞ்சம்தான். போஸ்னியப் போரின்போது, முஸ்லிம்கள் தஞ்சமடைந்திருந்த ஸ்ரெப்ரெனிட்சா என்ற ஊரை 1993 ஏப்ரலில் ஐ.நா. பாதுகாப்புப் பகுதி என்று அறிவித்தது. 1995 ஜூலை 11 அன்று, டச்சு அமைதிப்படை அங்கே இருக்கும்போதே, போஸ்னிய செர்பியத் தளபதி ராட்கோ மிலாடிச்சின் படை ஊரைப் பிடித்தது. அடுத்த சில நாட்களில் 8,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். மிச்சத்தைப் படம் பார்த்த பிறகு தேடிப் படியுங்கள், அப்போதுதான் மனதில் ஒட்டும். மிலாடிச் கேமராக்காரரைக் கூடவே வைத்துக்கொண்டு, யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று ஜனங்களுக்கு வாக்குக் கொடுக்கும் காட்சி கற்பனை இல்லை. நிஜத்திலும் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்துப் படம் பிடித்துக்கொண்டார்கள், அந்தப் பதிவு இன்றும் இருக்கிறது.

கேள்வி: ஒரு தரப்பை மட்டும் காட்டுகிறதே, நடுநிலை வேண்டாமா? (ஒரு வாசகர், நாகர்கோவில்)

பதில்: எதற்கு நடுநிலை? ஸ்ரெப்ரெனிட்சாவில் நடந்தது இனப்படுகொலை என்று சர்வதேச நீதிமன்றமே 2007இல் சொல்லிவிட்டது, மிலாடிச்சுக்கு 2017இல் ஆயுள் தண்டனையும் கிடைத்தது. ஆனால் இந்த ஒரு படத்தை வைத்து மொத்தப் போரும் புரிந்துவிட்டது என்று நினைத்தால்தான் சிக்கல். குரோஷியர்களும் போஸ்னியாக்களும் தனியாக மோதிக்கொண்ட கதை இதில் வராது. செர்பியர் என்றாலே இப்படித்தான் என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். ஐடாவாக நடித்த யஸ்னா ஜூரிசிச், மிலாடிச்சாக வந்த போரிஸ் இசாகோவிச், இரண்டு பேருமே செர்பிய நடிகர்கள், அதிலும் நிஜ வாழ்க்கையில் கணவன் மனைவி! இயக்குநர் யஸ்மிலா ஷ்பானிச் போஸ்னியத் தலைநகரான சரயேவோவைச் சேர்ந்தவர், போரில் அந்த நகரம் முற்றுகையில் கிடந்தபோது அங்கேயே வளர்ந்தவர். அவர் கூப்பிட்டு இவர்கள் வந்து நடித்ததை எந்த விருதையும் விடப் பெரிதாக நினைக்கிறேன்.

கேள்வி: பிள்ளைகளோடு பார்க்கலாமா?

பதில்: பத்தாம் வகுப்புக்கு மேல் என்றால் சரி. கொலையைக் கண்ணெதிரே காட்டவில்லை, சத்தம்தான் கேட்கிறது. ராத்திரி தூங்கப்போகும் நேரத்தில் மட்டும் போடாதீர்கள்.