பதிப்புரிமைச் சட்டம் தேவையா? அது இல்லாவிட்டால் எழுதுகிறவர்களுக்குப் பணம் எப்படி வரும்?

சட்டம் தேவை. ஆனால் உரிமை இப்போது இருப்பதுபோல் இத்தனை வருடம் நீடிக்கத் தேவையில்லை. (பலர் இதைக் காப்புரிமை என்கிறார்கள். அது கண்டுபிடிப்புகளுக்கு உரியது, வேறு சட்டம்.)

என் கதையையே சொல்கிறேன். முதல் சிறுகதைத் தொகுப்பு. விலை 150 ரூபாய், 300 பிரதிகள், ராயல்டி 10 சதவீதம். அத்தனையும் விற்றால் எனக்கு 4,500 ரூபாய். அதுவும் வரவில்லை. பதிப்பகத்தில் எப்போது கேட்டாலும் "நூலக ஆர்டர் இன்னும் வரலை சார்" என்பார்கள். அதற்குள் புத்தகம் பிடிஎஃப் ஆகி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற ஆரம்பித்துவிட்டது. ஒருநாள் சித்தி கூப்பிட்டு, "உன் புக்க போன்லயே படிச்சிட்டேன்டா, கடைசிக் கதை அழ வச்சிருச்சு" என்றார். என்னத்தைச் சொல்ல, சந்தோஷமாகத்தான் இருந்தது.

உண்மையில் பிடிஎஃப்பை விட என்னைக் கெடுத்தது, படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஒரு பக்கத் தாள். 'உரிமை பதிப்பகத்துக்கு' என்று ஒரு வரி. எத்தனை வருடத்துக்கு என்று இல்லை. அவர்களும் மறுபதிப்பு போடவில்லை, வேறு இடத்தில் கொடுக்கவும் விடவில்லை. வக்கீல் நண்பர் ஒருவர்தான் சொன்னார்: 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, காலம் குறிப்பிடாமல் எழுதிக் கொடுத்தால் அது 5 வருடத்துக்குத்தான். எண்ணிப் பார்த்தால் ஆறு ஓடியிருந்தது! ஒரு கடிதம் போட்டேன், புத்தகம் என்னிடம் திரும்பி வந்தது. சட்டமே வேண்டாம் என்பவர்களோடு நான் சேராததற்கு இதுதான் காரணம்.

சினிமாவிலும் இதே கதைதான். பாடலாசிரியர், இசையமைப்பாளரிடம் மொத்தமாக எழுதி வாங்கிக்கொள்வது வழக்கமாக இருந்தது. 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாட்டு தியேட்டருக்கு வெளியே ஒலிக்கும்போது வரும் ராயல்டியில் அவர்களுக்குரிய பங்கைத் தயாரிப்பாளர் எழுதி வாங்க முடியாது.

சரி, எத்தனை வருடம் என்பதற்கு வருவோம். எழுத்தாளர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கிறது. முன்பு 50, தாகூர் படைப்புகளின் காலம் முடியப்போன நேரத்தில் நீட்டினார்கள். சின்னப் பதிப்பகம் நடத்தும் நண்பர், எழுபதுகளில் காலமான ஒருவரின் நாவலை மறுபதிப்பு செய்ய இரண்டு வருடமாக வாரிசுகளைத் தேடுகிறார். ஒருவர் சரி என்றார், ஒருவர் வெளிநாட்டில், இன்னொருவர் போனையே எடுப்பதில்லை. பாரதியின் எழுத்துக்கு 1949இல் அரசே உரிமையை வாங்கி, பிறகு பொதுவாக்கியது. அந்த நாவலாசிரியருக்காக யார் மனு போடுவார்கள்? பழைய புத்தகக் கடையில் கிடைத்த, அட்டை கிழிந்த ஒரே பிரதி நண்பரின் மேஜையில் கிடக்கிறது.