லீவில் கதைப் புத்தகம் படித்தால் நீட் கைவிட்டுப் போகுமா?

வணக்கம் அம்மா. உங்கள் நீண்ட வாட்ஸ்அப் செய்தியை முழுவதும் படித்தேன். மகன் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்துவிட்டான், பள்ளித் தமிழாசிரியர் ஏற்பாடு செய்திருக்கும் ஆறு வாரக் கோடை வாசிப்புத் திட்டத்தில் சேர்ந்து மதுரை நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு நண்பர்களோடு போகப் போகிறேன் என்கிறான், இந்தப் பக்கம் கோச்சிங் சென்டரிலிருந்து தினமும் போன் செய்து ஃபவுண்டேஷன் கோர்ஸில் இப்போதே சேர்க்காவிட்டால் மற்ற பிள்ளைகள் முந்திவிடுவார்கள் என்கிறார்கள், நீங்கள் நடுவில் தூக்கம் வராமல் இருக்கிறீர்கள். சரி.

என் பதில் முதலிலேயே: வாசிப்புக்கு அனுப்புங்கள். ஆனால் அதை எப்படி நடத்தவிடுகிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது, ஏனென்றால் நல்ல வாசிப்புத் திட்டத்தை வீட்டில் இருப்பவர்களே ஒரு வாரத்தில் இன்னொரு டியூஷனாக மாற்றிவிடுவதை நிறையப் பார்க்கிறேன்.

உங்கள் பயத்தை எடுத்துக்கொள்வோம். "கதை படித்து நீட்டுக்கு என்ன பிரயோஜனம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீட் தேர்வில் இப்போது 180 நிமிடத்தில் 180 கேள்விகள், அதில் 90 உயிரியல். கேள்வித்தாளை ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள். ஒரு வரிக் கேள்விகள் மட்டும் இல்லை, கூற்று ஒன்று, கூற்று இரண்டு, காரணம், பொருத்துக என்று ஒவ்வொன்றும் நாலைந்து வரி ஓடும். பாடம் தெரிந்த பிள்ளையே 'தவறான கூற்று எது' என்பதைச் 'சரியான கூற்று எது' என்று அவசரத்தில் படித்துவிட்டு மதிப்பெண்ணை விட்டுவிட்டு வரும். அதைக் கவனக்குறைவு என்று திட்டுகிறோம். பாதி நேரம் அது கண் ஓட்டமாகப் போய்ப் பழகியதன் விளைவு.

சட்டப் படிப்புக்கான கிளாட் தேர்வில் இது இன்னும் அப்பட்டம். 120 நிமிடம், 120 கேள்விகள். ஆங்கிலம், சட்டம், தர்க்கம் ஆகிய பகுதிகளில் 450 சொல் அளவில் ஒரு பத்தியைக் கொடுத்து, அதிலிருந்துதான் கேட்பார்கள். ஒரு பத்திக்கு ஐந்து கேள்வி என்று வையுங்கள், கையில் இருப்பது ஐந்து நிமிடம். நிமிடத்துக்கு 150 சொல் படிக்கிற பிள்ளைக்குப் படிப்பதற்கே மூன்று நிமிடம் போய்விடும், மிச்சம் இரண்டு நிமிடத்தில் ஐந்து விடை. 250 சொல் படிக்கிற பிள்ளைக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் மிச்சம். இந்த வித்தியாசத்தைப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபிறகு சேர்க்கும் இரண்டு மாத கிராஷ் கோர்ஸில் யாரும் வாங்கித் தர முடியாது, எவ்வளவு ஃபீஸ் கட்டினாலும். 15 வயதில் லீவில் விழுந்து விழுந்து படித்த பிள்ளைக்கு அது தானாக வந்திருக்கும்.

அரசு வேலை நினைப்பு உங்கள் வீட்டுக்காரருக்கு இருப்பதாகச் சொன்னீர்கள். டிஎன்பிஎஸ்சி குரூப் 4-இல் 200 கேள்விகளில் 100 தமிழ், அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். ஆங்கில வழியில் படித்து, தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைகள் பின்னால் அங்கேதான் மாட்டுகிறார்கள். என்டிஏ (தேசியப் பாதுகாப்பு அகாடமி நுழைவுத் தேர்வு) எழுதி ராணுவ அதிகாரி ஆக நினைப்பவர்களை, அடுத்து வரும் எஸ்எஸ்பி நேர்முகத் தேர்வில் சில தலைப்புகளைக் கொடுத்து, அதில் ஒன்றை எடுத்து, மூன்று நிமிடம் தயாராகி, மூன்று நிமிடம் பேசச் சொல்வார்கள். படித்தது ஏதாவது உள்ளே இருந்தால்தான் பேச்சு வரும்.

இத்தனையும் உங்களைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னேன். பையனிடம் இதில் ஒரு வார்த்தையும் சொல்லாதீர்கள், தயவுசெய்து. "நீட்டுக்கு நல்லதாம், படி" என்றால் அன்றோடு புத்தகத்தை மூடிவிடுவான்.

இப்போது கோச்சிங். அந்த ஃபவுண்டேஷன் கோர்ஸ் பதினொன்றாம் வகுப்பில் பயோ-மேத்ஸ் எடுக்கப் போகிற பிள்ளைக்கானது. உங்கள் பையன் எந்த குரூப் எடுக்கப் போகிறான் என்பதே முடிவாகவில்லை, உங்கள் செய்தியிலேயே ஓரிடத்தில் "அவனுக்கு கம்ப்யூட்டர்தான் பிடிக்கும் போல" என்றும், இன்னோரிடத்தில் "அவன் மாமா சிஏ, அதனால் காமர்ஸும் பரவாயில்லை" என்றும் இருக்கிறது. எந்த ஊர் என்று தெரியாமல் பஸ்ஸில் டிக்கெட் எடுப்பானேன்?

இங்கேதான் இந்த வாசிப்புத் திட்டத்துக்கு ஒரு வேலை இருக்கிறது, நான் முக்கியமாகச் சொல்ல வந்ததும் இதுதான். குரூப் எடுக்கும் விதம் நம் ஊரில் எப்படி? மார்க் வந்ததும், 450-க்கு மேல் என்றால் பயோ-மேத்ஸ், கொஞ்சம் குறைந்தால் சிஎஸ், இன்னும் குறைந்தால் அக்கவுண்ட்ஸ். பிள்ளை அந்தப் பாடப் புத்தகத்தைக் கையால் தொட்டிருக்காது. பதினொன்றாம் வகுப்புப் பாடநூல்கள் எல்லாமே அரசு இணையதளத்தில் பிடிஎஃப்-ஆக இலவசமாகக் கிடைக்கின்றன, தமிழிலும் ஆங்கிலத்திலும். திட்டத்தின் நாலாவது, ஐந்தாவது வாரத்தில் அவனுடைய பட்டியலில் இவற்றையும் சேர்க்கச் சொல்லுங்கள்: இயற்பியலில் இயக்கவியல் பாடம், கணக்குப்பதிவியலில் குறிப்பேடும் பேரேடும் வருகிற பகுதி, உயிரி-விலங்கியலில் ஏதாவது ஒரு பாடம், கணினி அறிவியலில் ஒன்று, பொருளியலில் ஒன்று. புரியவேண்டும், மனப்பாடம் ஆகவேண்டும் என்றெல்லாம் இல்லை. ஒரு பத்திரிகை போலப் புரட்டினால் போதும்.

ஏன் பாடநூலையே படிக்கச் சொல்கிறேன் என்றால், விண்வெளி பற்றிய ஒரு சுவாரசியமான புத்தகம் பிடித்துப்போவது வேறு, திசைவேகம் முடுக்கம் என்று பக்கம் பக்கமாகச் சமன்பாடு வரும்போதும் உட்கார முடிவது வேறு. கருந்துளை பற்றிக் கண் விரியப் பேசுகிற பிள்ளை, ஃபிசிக்ஸ் எடுத்து, முதல் பருவத்திலேயே சுருண்டு போவது உண்டு. எதிர்ப்பக்கமும் உண்டு: கணக்குப்பதிவியல் என்றால் மார்க் குறைந்தவர்கள் படிப்பது என்று நினைத்திருந்த பிள்ளை, ஒரு வரவுக்கு ஒரு பற்று என்று எல்லாம் கடைசியில் வந்து நேராவதைப் பார்த்து, "இது புதிர் மாதிரி இருக்கே" என்று இரண்டாவது பாடத்தையும் தானே திறக்கும். நீங்கள் கவனிக்க வேண்டியது அந்த இரண்டாவது பாடத்தைத்தான். எது பிடிக்கும் என்று கேட்டால் அந்த வயதில் பதில் வராது, வந்தாலும் நண்பன் சொன்ன பதிலாக இருக்கும்.

முதல் மூன்று வாரம் முழுக்க அவன் இஷ்டம். கிரிக்கெட் புத்தகமா, காமிக்ஸா, துப்பறியும் கதையா, இருக்கட்டும். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், இந்திய நூலகத் துறைக்கே தந்தை என்பார்களே அவர்தான், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்று 1931-லேயே நூலக விதியாக எழுதி வைத்துவிட்டார். (கொசுறு: அவர் முதலில் கணித ஆசிரியர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனபிறகுதான் அந்தத் துறைக்கே வந்தார். உங்கள் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள், பத்தாம் வகுப்பு மார்க்கோடு எல்லாம் முடிவாகிவிடுகிறது என்று நினைக்கிறார் போலிருக்கிறது.) ஒரு புத்தகம் முப்பது பக்கம் போயும் ஓடவில்லையா, வைத்துவிட்டு வேறு எடுக்கலாம் என்று அவனிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நம் பிள்ளைகளுக்குப் புத்தகம் என்றாலே முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை முடித்து, புக் பேக் கொஸ்டினுக்குப் பதில் எழுதுவதுதான் பழக்கம். பாதியில் விடலாம் என்பதே அவர்களுக்குப் புதுச் செய்தி.

வீட்டில் கேள்வி கேட்காதீர்கள். இன்று எத்தனை பக்கம், கதைச் சுருக்கம் சொல், இதிலிருந்து என்ன நீதி, இந்த மூன்றும் கூடவே கூடாது. சாப்பிடும்போது அவனாகச் சொன்னால் கேளுங்கள், சொல்லாவிட்டால் விடுங்கள். முடிந்தால் நீங்களும் ஏதாவது படியுங்கள், வாரப் பத்திரிகையாவது. அம்மா சீரியல், அப்பா யூடியூப், பையன் மட்டும் புத்தகம் என்றால் எந்த வீட்டிலும் அது நாலு நாளைக்கு மேல் ஓடாது.

மொழி பற்றி ஒன்று. தமிழாசிரியர் நடத்துவதால் எல்லாம் தமிழாக இருக்கும், ஆங்கிலம் பின்தங்கிவிடுமோ என்று கேட்டீர்கள். ஆங்கில வழியில் பத்து வருடம் படித்தும் பாடத்துக்கு வெளியே ஒரு பக்கம் ஆங்கிலம் படிக்காத பிள்ளைகள்தான் இங்கே அதிகம். நீண்ட பத்தியில் நிலைத்து உட்காரும் பழக்கம் தமிழில் வந்தால் ஆங்கிலத்துக்கும் கொஞ்சம் உதவும், ஆனால் தானாகவே முழுதாக வந்துவிடாது. அதனால் தமிழ் நூல்கள் இரண்டுக்கு ஒரு மெல்லிய ஆங்கில நூல் என்று வைத்துக்கொள்ளட்டும். அவன் வயதுக்குக் கீழே இருக்கிற புத்தகமாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு பக்கத்தில் நாலைந்து சொல்லுக்கு மேல் தெரியாமல் போனால் அது இப்போதைக்குக் கடினம், அடுத்ததை எடுக்கட்டும்.

சான்றிதழ் தருவார்களா என்றும் கேட்டிருந்தீர்கள். தந்தால் வாங்கி ஃபைலில் வையுங்கள். நீட், ஜேஇஇ, தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வு எதிலும் அதற்கு மதிப்பெண் கிடையாது.

ஒரு விஷயத்தை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். ஆர்வம் இருந்தும் வரி தவறிப் போகிறான், ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறான், எழுத்துகள் இடம் மாறித் தெரிகின்றன, சத்தமாகப் படிக்கச் சொன்னால் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவுகிறான் என்றால் சோம்பேறி என்று முடிவு கட்டவேண்டாம். முதலில் கண் பரிசோதனை. கண் சரியாக இருந்தால் டிஸ்லெக்சியா (வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கற்றல் குறைபாடு 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது, பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் உள்ளிட்ட சலுகைகள் உண்டு. அதற்கு மருத்துவச் சான்று வேண்டும், பள்ளி வழியாக விண்ணப்பிக்க வேண்டும், நாளாகும். தேர்வுக்கு முந்தின மாதம் ஓடினால் கிடைக்காது, சந்தேகம் இருந்தால் இந்த லீவிலேயே பார்த்துவிடுங்கள்.

கடைசியாகப் பணம். சென்டரில் இன்று அட்வான்ஸ் கட்டினால் தள்ளுபடி என்பார்கள், அடுத்த வாரமும் அதையேதான் சொல்வார்கள், கட்டாதீர்கள். ரிசல்ட் வந்தபிறகு பள்ளிக்குப் போகும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: இவன் மார்க்குக்கு எந்தெந்த குரூப் திறந்திருக்கிறது, சேர்ந்தபின் மாற்ற நினைத்தால் எந்தத் தேதிவரை மாற்றலாம். இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. அந்தப் பதிலும், ஐந்தாவது வாரத்தில் அவன் எந்தப் பாடநூலை இரண்டாவது முறை திறந்தான் என்ற தகவலும் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள். கோச்சிங் வேண்டுமா, வேண்டுமென்றால் எது என்பதை அப்புறம் அவனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசலாம்.