ரொறொன்ரோவில் எங்கள் பக்கத்துத் தேவாலயத்தில் அகதிக் கோரிக்கை வைத்தவர்கள் தங்கியிருக்கிறார்கள். உடுப்பும் சாப்பாடும் தவிர வேறென்ன உதவி செய்யலாம்?

உடுப்புக் கதையை முதலே முடிச்சுவிடுறன். குளிருக்கு நல்ல ஜக்கெட், சப்பாத்து குடுங்கோ. மற்றதெல்லாம் அங்கை குவிஞ்சுபோய்த்தான் கிடக்கும். நீங்கள் வேலை, பிள்ளைகள் என்று ஓடித்திரிஞ்சு, சனி ஞாயிறில் கொஞ்சம் நேரம் கிடைக்கிற ஆள் என்று நினைச்சுக்கொண்டு எழுதுறன். அந்தச் சனத்துக்குப் பிரயோசனமாய் உங்களிட்டை இருக்கிறது உங்கடை காரும் ஆங்கிலமும், கதவைச் சாத்தக்கூடிய ஒரு அறையும்தான். அறை ஏன் என்று பிறகு சொல்லுறன்.

நான் வந்தது தொண்ணூறுகளின்ரை கடைசியில். பியர்சன் விமான நிலையத்தில் "நான் அகதி" என்று சொல்லிப்போட்டு, ஸ்காபரோவில் ஊர்ச்சனம் ஒருத்தற்றை பேஸ்மென்டில் போய் விழுந்தனான். அந்த வீட்டு அண்ணை நல்ல மனுசன், அவரைக் குறை சொல்லேல்லை. ஆனால் அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போனது ஒரு "கேஸ் எழுதுறவரிட்டை". அவர் லோயர் இல்லை. காசை எண்ணி வாங்கிக்கொண்டு, ரெண்டு கேள்வி கேட்டார். பிறகு எனக்கு நடக்காத சித்திரவதை ஒன்றை என்ரை பேரில் எழுதிவைச்சார். எனக்கு உண்மையில் நடந்தது அதைவிட மோசம். அதைக் கேட்டு எழுத அவருக்கு நேரமில்லை, அவ்வளவுதான். அவரிட்டைப் போன எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே கதைதான் எழுதியிருந்தது என்று பிறகுதான் தெரியும்.

அதைக் கண்டுபிடிச்சது எங்கடை ஆள் ஒருத்தருமில்லை. ஆங்கில வகுப்புக்குப் போன இடத்தில் உதவிக்கு வாற ஒரு சிலி நாட்டு அம்மா. எழுபத்துமூன்றாம் ஆண்டு அங்கை பினோச்சே ஆட்சியைப் பிடிச்ச பிறகு ஓடி வந்தவ. "உன்ரை படிவத்தில் என்ன எழுதியிருக்கெண்டு உனக்குத் தெரியுமோ?" என்று கேட்டா. எனக்குத் தெரியாது. அவதான் என்னைச் சட்ட உதவி லோயரிட்டைக் கொண்டுபோய், ஹியரிங்குக்கு முதல் எல்லாத்தையும் திருத்துவிச்சு, ஹியரிங் அன்றைக்கும் கூட வந்தவ. விசாரணை உள்ளே மூடின அறையில்தான். அவ வெளியில் கைப்பையை மடியில் வைச்சுக்கொண்டு, சண்டை வந்தால் கூப்பிடு என்ற மாதிரி இருந்தா. என்ரை கேஸ் சரிவந்தது லோயராலைதான், ஒத்துக்கொள்ளுறன். ஆனால் உள்ளே வாய் திறந்து கதைச்சது அவ வெளியில் இருந்தபடியால்.

இதுதான் நான் சொல்ல வந்தது: துணைக்குப் போங்கோ.

எத்தனையோ பேர் அனுசரணையில் வாறதையும் தானாய் வந்து கோரிக்கை வைக்கிறதையும் போட்டுக் குழப்பினம். அனுசரணையில், அதாவது ஸ்பொன்சரில், வாற அகதி இறங்கேக்கையே நிரந்தர வதிவிடத்தோடை வாறார். ஒரு வருசம் பார்க்க ஒரு குழு இருக்கும். 1979, 80 காலத்தில் இந்தோசீனாவில் இருந்து கிட்டத்தட்ட 60,000 பேரை அரசும் அப்பிடியான குழுக்களுமாய்க் கூப்பிட்டது. அகதிகளுக்குச் செய்த உதவிக்காக 1986இல் ஐ.நா. கனடிய மக்களுக்கே நான்சென் பதக்கம் குடுத்தது. அதே 1986 ஆகஸ்டில் எங்கடை சனம் 155 பேர் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்ததும், மீன்பிடிக்காரர் காப்பாத்தினதும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அந்த 155 பேருக்கு ஒரு குழுவும் இல்லை. உங்கடை தேவாலயத்தில் இருக்கிறவையும் அந்த வகைதான். தாங்களே வந்து, தாங்களே தங்கடை கதையை நிரூபிக்க வேணும்.

அதுக்குக் கெடு இருக்கு. கதை எழுதின படிவம் நேரத்துக்குப் போகாவிட்டால், கோரிக்கையைக் கைவிட்டதாய் எடுக்கலாமோ என்று தனியாய் ஒரு விசாரணை வைப்பினம். தங்குமிடம் மாறினால் கோரிக்கையை விசாரிக்கிற அகதிகள் சபைக்கும் குடிவரவுத் திணைக்களத்துக்கும் தனித்தனியாய் அறிவிக்க வேணும். ஒரு இடத்துக்குச் சொன்னால் மற்ற இடத்துக்குப் போகாது. ஒரு தங்குமிடத்தில் இருந்து இன்னொன்றுக்கு மாத்தி மாத்தி அனுப்பிற சனத்துக்கு இது எவ்வளவு கரைச்சல் என்று யோசிச்சுப் பாருங்கோ. கடிதம் பழைய விலாசத்தில் கிடக்கும், ஆள் வேறை எங்கையோ நிப்பார். போற நேரமெல்லாம் "கடிதம் ஏதும் வந்ததோ, விலாசம் மாத்திச் சொன்னியளோ" என்று கேட்கிறதே பெரிய உதவி.

இப்ப அறை. 2020க்குப் பிறகு விசாரணை பெரும்பாலும் வீடியோவில்தான். இருபது கட்டில் போட்ட மண்டபத்தில் இருந்துகொண்டு, பிள்ளை அழ அழ, தனக்கு என்ன செய்தாங்கள் என்று ஒரு பொம்பிளை எப்பிடிச் சொல்லுறது? உங்கடை வீட்டில் அறையும் நல்ல இன்டர்நெட்டும் மடிக்கணினியும் இருந்தால் அன்றைக்கு அதைக் குடுங்கோ. நேரில் வேணும் என்று கேட்கவும் இடமிருக்கு. அதை அவையின்ரை லோயர் பார்ப்பார்.

"நீ என்ன லோயரோ?" என்று கேட்க இதுக்குக் கீழே ஆக்கள் வருவினம். இல்லை. அதாலைதான் சொல்லுறன், நீங்களும் லோயர் ஆகாதேங்கோ. படிவத்தை நிரப்பிக் குடுக்காதேங்கோ, "இப்பிடிச் சொன்னால் நல்லம்" என்று சொல்லிக் குடுக்காதேங்கோ. அப்பிடித்தான் என்ரை கேஸ் எழுதினவரும் தொடங்கியிருப்பார். காசில்லாத ஆக்களுக்கு லோயர் பிடிச்சுக் குடுக்கிற சட்ட உதவி ஒன்ராறியோவுக்கு (Legal Aid Ontario) எடுக்கவேண்டிய போன்கோலுக்குப் பக்கத்தில் இருங்கோ, போதும்.

இன்னொன்று மனசில் கிடக்குது. 2023 ஆடியில் பீற்றர் வீதி 129இல், நகரத்தின்ரை தங்குமிடப் பதிவு அலுவலக வாசலில், ஆபிரிக்கச் சனம் நடைபாதையில் படுத்துக் கிடந்ததே. நகரம் மத்திய அரசைக் கைகாட்ட, மத்திய அரசு நகரத்தைக் கைகாட்டினது. கடைசியில் அவையைக் கூட்டிக்கொண்டு போய்ப் படுக்க வைச்சது கறுப்பினத்தவர் நடத்திற தேவாலயங்கள். அந்த நாளையில் எங்கடை ஆக்கள் சிலர் கதைச்ச கதை! "ஓசிக்கு வருகினம், வரிசையில் நிக்கட்டும்." 2010இல் சன் சீ கப்பலில் வந்த 492 தமிழரையும் பிடிச்சு உள்ளே போடேக்கை "வரிசையைக் குழப்பினவை" என்றுதான் இந்த நாடு கத்தினது. தமிழர் ஒருத்தரும் உதவேல்லை என்று நான் சொல்லேல்லை, அந்தக் கப்பல் சனத்துக்கு ஓடித் திரிஞ்சவையை எனக்குத் தெரியும். கோபிக்க வேண்டாம். ஆனால் அகதிக்குப் பேஸ்மென்ட் வாடகைக்குக் குடுக்கேக்கை கிரெடிட் ஸ்கோர் கேட்கிறவையையும் எனக்குத் தெரியும்.

அதோடை "கனடிய அனுபவம்" என்ற ஒரு சாமான். ஊரில் கணக்கு வாத்தியாராய் இருந்த நான் இங்கை கோப்பை கழுவினது அதாலைதான். கோப்பை கழுவினது கனடிய அனுபவமில்லையாம். வேலை விளம்பரத்தில் அதைக் கேட்கக்கூடாது என்று ஒன்ராறியோ இப்பதான் சட்டம் போட்டிருக்கு, நான் பென்சன் எடுக்கப் போற நேரத்தில். சரி, அதை விடுவம், நீங்கள் கேட்டது வேறை.

முதல்நாள் போய்ப் பெரிசாய் ஒன்றும் கேட்காதேங்கோ. ஊரில் என்ன நடந்தது என்று கட்டாயம் கேட்காதேங்கோ, அதை அவை எத்தனையோ மேசையில் சொல்லிக் களைச்சுப்போய் இருப்பினம். அடுத்த அப்பொயின்மென்ட் எப்ப, எங்கை, பஸ் தெரியுமோ என்று கேளுங்கோ. தெரியாவிட்டால் காரை எடுங்கோ.