வீரா காரின் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றச் சம்மதிப்பதற்கு முன்

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டிலிருந்து மலேசியாவுக்கு வந்து, பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டுக்கு அருகே ஒரு செம்பனை ஆலையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். இரவு ஷிப்டுக்குப் பேருந்து கிடைக்காததால் பழைய புரோட்டோன் வீரா 1.5 ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் எஞ்சின் மிஸ் அடித்துக் குலுங்குகிறது, சிறிது நேரத்தில் சரியாகிவிடுகிறது. பட்டறைக்காரர் ஒலியைக் கேட்ட மாத்திரத்திலேயே ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பாகமாகிய ஹெட்டுக்கும் கீழ்ப்பாகமாகிய பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது, டாப் ஓவர்ஹால், அதாவது ஹெட்டைக் கழற்றிப் பழுதுபார்க்கும் வேலை, செய்ய வேண்டும் என்கிறார். அவரை நம்பலாமா என்பது உங்கள் கேள்வி.

அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் ஒலியை மட்டும் கேட்டு அதை உறுதி செய்ய எவராலும் முடியாது. இந்தத் தோட்டப்புறத்தில் டிராக்டர்களுக்கும் லோரிகளுக்கும் நடுவே நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் நான் சொல்வது ஒன்றுதான்: ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று காட்டும் கம்ப்ரஷன் அளவைக் கண்ணால் பார்க்காமல் ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்காதீர்கள்.

வீராவில் இருக்கும் 4ஜி15 எஞ்சின் மிட்சுபிஷியின் பழைய வடிவமைப்பு. டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டார், பிளக் ஒயர் ஆகியவற்றின் வழியாகத்தான் மின்பொறி சிலிண்டருக்குப் போய்ச் சேர்கிறது. நம் ஊரின் ஈரத்தில் இவை முதுமை அடைந்துவிட்டால், இரவெல்லாம் மழை பெய்த காலையில் எஞ்சின் குலுங்குவதும், சூடேறி ஈரம் காய்ந்தபின் சீராவதும் வழக்கம். இருட்டில் போனட்டைத் திறந்து, ஓடும் எஞ்சினின் ஒயர்கள் மீது மெல்லிய நீர்த்தூவல் விட்டுத் தள்ளி நின்று பாருங்கள். நீலப் பொறி வெளியே தாவினால் குற்றவாளி அங்கேயே தெரிந்துவிடும். கை வைத்துத் தொட வேண்டாம், அந்த மின்னழுத்தம் விளையாட்டல்ல. ஒயர்களை மாற்றுகிறவர் சிலிண்டர்களில் பொறி எழும் வரிசையாகிய 1-3-4-2 மாறிவிடாமல் பொருத்த வேண்டும். மாறினால் இல்லாத நோய் ஒன்று புதிதாக வந்து சேரும். தோட்டச் சாலையின் செம்மண் புழுதி அடைத்த ஏர் ஃபில்டரையும் அதே வேலையில் பார்த்துவிடுங்கள்.

ஆனால் குளிர்ந்த எஞ்சினில் மட்டும் குலுங்கி, கூடவே ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் சந்தேகம் கேஸ்கெட்டின் பக்கம் திரும்ப வேண்டும். இரவு எஞ்சின் நின்றபின் குளிரூட்டும் அமைப்பில் மிஞ்சிய அழுத்தம், பழுதான இடத்தின் வழியே தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. காலையில் நனைந்த பிளக் பொறி எழுப்பத் திணறுகிறது. அந்த நீர் ஆவியாகி வெள்ளைப் புகையாக வெளியேறியதும் எஞ்சின் சீராகிறது. நான்கு பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்தால், ஒன்று மட்டும் கழுவித் துடைத்ததுபோல் சுத்தமாக இருக்கும். எஞ்சின் முற்றிலும் ஆறியிருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஸ்டார்ட் செய்து பாருங்கள். குமிழிகள் ஓயாமல் வந்தால் சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் கசிகிறது என்று பொருள். நல்ல பட்டறைகளில் இதற்கென்றே ஒரு நீல நிறத் திரவம் வைத்திருப்பார்கள்; ரேடியேட்டரிலிருந்து வரும் காற்றில் அந்த எரிந்த வாயு கலந்திருந்தால் அது மஞ்சளாக மாறும். ஆயில் மூடியின் அடியில் சிறிது வெண்மை தெரிவதை மட்டும் வைத்து அஞ்ச வேண்டாம். குறுகிய தூரமே ஓடும் காரில் ஈரம் படிந்தாலும் அப்படித் தோன்றும்.

கம்ப்ரஷன் சோதனையில் நான்கு அளவுகளும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால், அவற்றுக்கு இடையே கேஸ்கெட் கிழிந்திருக்க வாய்ப்பு மிகுதி. ஒன்றே குறைந்திருந்தால் சிறிது எஞ்சின் ஆயிலை உள்ளே விட்டு மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். அளவு உயர்ந்தால் பழுது பிஸ்டன் ரிங்கில், அதற்கு டாப் ஓவர்ஹால் மருந்தாகாது. பட்டறைத் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) சந்தேகப்படும் குரலில் கேட்காமல், "அங்கிள், மீட்டர் போட்டுக் காட்டுங்கள், பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன்" என்று சொன்னால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். மறுக்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

கேஸ்கெட் தானாகப் போவதில்லை. அது போனதற்குக் காரணம் அனேகமாக எஞ்சின் அதிகமாகச் சூடேறியதே. பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரிகிறது. கூலண்டுக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரையே ஊற்றுவதும், "நம் வெயிலுக்கு வேண்டாம்" என்று எஞ்சின் சூட்டுக்கேற்பத் தண்ணீர் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் இங்கே பலரிடம் உள்ள பழக்கங்கள். துருவடைத்த ரேடியேட்டருடன் நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கத்துக்கு ஏறும் மேட்டில் ஏர்கோனையும் (ஏசியையும்) போட்டுக்கொண்டு விரட்டினால் ஹெட் வளையத்தான் செய்யும். ஆகவே ரேடியேட்டரையும் விசிறியையும் சரிசெய்யாமல் புதிய கேஸ்கெட்டை மட்டும் போடுவது வீண் செலவு.

சோதனை முடிந்து ஹெட்டைக் கழற்றுவது உறுதியானால், அதை ஈப்போவில் உள்ள ஒரு மெஷின் பட்டறைக்கு அனுப்பி, வெடிப்பு இருக்கிறதா என்று அழுத்தச் சோதனை செய்து, வளைவை அளந்து, தேவைப்பட்டால் ஸ்கிம் செய்து (அடிப்பரப்பை இயந்திரத்தில் சீவிச் சமமாக்கி) வாங்கச் சொல்லுங்கள். 0.05 மில்லிமீட்டர் என்பது தலைமுடியைவிட மெல்லிய இடைவெளி. அந்த அளவுக்குள் சமதளமாக இருப்பதே நல்லது. உப்புத்தாளால் தேய்த்துச் சமாளிப்பவரைத் தடுத்துவிடுங்கள். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, படிப்படியாக, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். டைமிங் பெல்ட் எப்படியும் கழற்றப்படும் என்பதால், பழையதையே திரும்ப மாட்டுவது பொய்ச் சிக்கனம்.

"ஹாஃப்கட் எஞ்சின் போட்டுவிடலாம், அதுதான் மலிவு" என்றும் ஒருவர் சொல்லக்கூடும். வெளிநாட்டிலிருந்து பாதியாக வெட்டி இறக்குமதியாகும் பழைய காரின் எஞ்சின் அது. எஞ்சின் எண் கிரான்டில் (வாகனப் பதிவுச் சான்றிதழில்) பதிவானது. மாற்றினால் பரிசோதனைக்குக் காட்டிச் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிய வேண்டும், இல்லையேல் விற்கும் நாளில் சிக்கல் எழும். பெயர் மாற்றத்தின்போது புஸ்பாகோம் என்னும் வாகனப் பரிசோதனை நிலையத்தில் தேறிய வண்டிதானே என்றும் எழுதியிருக்கிறீர்கள். அங்கே எஞ்சின், சேசிஸ் எண்களைச் சரிபார்ப்பார்களே தவிர, கேஸ்கெட்டின் ஆரோக்கியத்துக்கு அது சான்று ஆகாது.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது, எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும் புதிதாக மாற்றப்பட்டனவா என்று கேளுங்கள்; தண்ணீர் கலந்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும். விசிறி தானாகச் சுழன்று நிற்கும்வரை பட்டறை வாசலிலேயே எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். முதல் வாரம் முழுவதும், ஆலைக்குக் கிளம்புமுன் ஆறிய ரேடியேட்டரில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்தால் அன்றே பட்டறைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள்.