சிஎஸ்ஐ ஞானஸ்நானம் பெற்றவர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர மறுபடி திருமுழுக்கு வேண்டுமா?

கேள்வி: குமரி மாவட்டத்தில் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் பிறந்தவன் நான். கைக்குழந்தையாக இருந்தபோதே ஞானஸ்நானம், 16 வயதில் திடப்படுத்தல். மனைவி ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்). கல்யாணம் எங்கள் சிஎஸ்ஐ ஆலயத்தில்தான் நடந்தது. இப்போது நானும் அவளோடு சேர்ந்து பூசையில் நற்கருணை அப்பம் வாங்க ஆசைப்படுகிறேன். மறுபடி ஞானஸ்நானம் எடுக்க வேண்டுமா? எவ்வளவு நாள் ஆகும்? மாதா, புனிதர்கள் விஷயமெல்லாம் இன்னும் மனதில் ஒட்டவில்லை. இந்த நிலையில் சேர்ந்தால் அது நடிப்பாகிவிடாதா?

பதில்: மறுபடி திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், கிடையாது. தண்ணீர் ஊற்றி, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் சிஎஸ்ஐ கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லும் என்றே கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கிறது. செல்லுபடியான திருமுழுக்கு வாழ்நாளில் ஒருமுறைதான். "எதற்கும் இருக்கட்டும்" என்று இன்னொரு தடவை ஊற்றத் திருச்சபைச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. உங்களுக்கு மீதமிருப்பவை நம்பிக்கை அறிக்கை, பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை), உறுதிப்பூசுதல் (சிஎஸ்ஐயில் திடப்படுத்தல் என்பது), நற்கருணை. ஆனால் கேள்வியில் போகிறபோக்கில் சொன்ன கல்யாண விஷயத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கத்தோலிக்கர் ஒருவரின் திருமணம் கத்தோலிக்கக் குருவின் முன்னும் இரண்டு சாட்சிகள் முன்னும் நடக்க வேண்டும் என்பது சட்டம். வேறு சபை ஆலயத்தில் நடத்துவதென்றால் ஆயரிடம் முன்கூட்டியே விதிவிலக்கு வாங்கியிருக்க வேண்டும். உங்கள் மனைவியின் பங்கு ஆலயத்தில் கேளுங்கள். வாங்கியிருந்தால் அந்தக் கடிதத்தின் பிரதி போதும், இந்தப் பிரச்சினை அத்தோடு முடிந்தது. வாங்காமல் நடந்திருந்தால், அரசுப் பதிவில் அது முறையான திருமணமாகவே இருந்தாலும், திருச்சபைக் கணக்கில் செல்லாது. அதைச் சரிசெய்யும்வரை உங்கள் மனைவியும் நற்கருணை வாங்கக் கூடாது. இது தெரியாமல் வருடக்கணக்கில் வாங்கிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

சரிசெய்ய இரண்டு வழி உண்டு. பங்குத்தந்தை முன், இரண்டு சாட்சிகளோடு, சம்மதத்தைப் புதிதாகச் சொல்வது ஒன்று. பத்திரிகை அடிக்க வேண்டாம், விருந்து வேண்டாம், சொந்தக்காரர்களைக் கூப்பிடவும் வேண்டாம். "ஒருமுறை ஆலயத்தில் சொன்ன வார்த்தையை இல்லையென்று ஆக்குவதா" என்று வருத்தப்படுபவர்களுக்கு இரண்டாவது வழி பொருந்தும்: சம்மதத்தைத் திரும்பச் சொல்ல வைக்காமல், பழைய திருமணத்தையே ஆயர் செல்லுபடியாக்கித் தருவார். இதற்குப் பங்குத்தந்தை மூலம் ஆயரகத்துக்கு விண்ணப்பம் போக வேண்டும். இருவரின் சம்மதமும் மாறாமல் நீடிக்கிறதா என்று பார்ப்பார்கள்.

அடுத்தது சான்றிதழ். ஞானஸ்நானம் நடந்த சேகர (சிஎஸ்ஐ பங்கு) அலுவலகத்தில் பதிவேட்டைப் பார்த்துப் புதிதாக எழுதி வாங்குங்கள். பெயரின் எழுத்து ஆதாரில் உள்ளதோடு ஒத்துப்போகாவிட்டால் இப்போதே சொல்லிவிடுங்கள். பதிவேடே தொலைந்திருந்தால், அங்கே உடனிருந்த நம்பகமான ஒருவர், பெற்றோரோ ஞானப்பெற்றோரோ, சாட்சி சொன்னால் போதும்.

உங்களைப் போன்ற நிலையில் உள்ள எல்லோருக்கும் இது இவ்வளவு எளிதாக முடிவதில்லை. நம் மாவட்டத்தில் இரட்சணிய சேனைக் குடும்பங்கள் கணிசம். அந்தச் சபையில் தண்ணீர் ஞானஸ்நானம் என்பதே இல்லை. அங்கிருந்து வருபவர் திருமுழுக்கிலிருந்து தொடங்க வேண்டும். "இயேசுவின் நாமத்தில்" என்று மட்டும் சொல்லி முழுக்கு கொடுக்கும் சபைகள் உண்டு. மூவொரு கடவுளின் பெயர் இல்லாததால் அதுவும் செல்லாது. சிஎஸ்ஐயில் குழந்தையாக ஞானஸ்நானம் பெற்று, வளர்ந்தபின் பெந்தெகொஸ்தே சபையில் முழுக்கு எடுத்தவருக்கு முதலாவதுதான் கணக்கு. அந்தச் சான்றிதழைத்தான் கொண்டுவர வேண்டும். நடந்ததா, முறையாக நடந்ததா என்று விசாரித்தும் சந்தேகம் தீராவிட்டால் மட்டும், "நீ ஏற்கெனவே திருமுழுக்குப் பெறாதிருந்தால்" என்ற நிபந்தனையோடு, கூட்டமில்லாமல் கொடுப்பார்கள்.

இனி திடப்படுத்தல். சிஎஸ்ஐ பேராயர் தலைமேல் கைவைத்துச் செய்ததைக் கத்தோலிக்கத் திருச்சபை அருளடையாளமாக, அதாவது கடவுளின் அருளைத் தரும் சடங்காக, எடுத்துக்கொள்வதில்லை. ஆங்கிலிக்கன் குருத்துவம் செல்லாது என்று திருத்தந்தை 13ஆம் லியோ 1896இல் அறிவித்தார். 1947இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், காங்கிரகேஷனல், பிரஸ்பிடேரியன் சபைகள் இணைந்து உருவான சிஎஸ்ஐயின் குருத்துவத்தையும் அப்படித்தான் பார்க்கிறார்கள். திருமுழுக்கை யார் கொடுத்தாலும் செல்லும். உறுதிப்பூசுதலுக்கு முறையான குருத்துவம் தேவை. கேட்கிறவருக்கு வலிக்கும் பதில்தான். ஆனால் அந்த வயதில் நீங்கள் செபித்ததும் ஒப்புக்கொடுத்ததும் வீண் என்று யாரும் சொல்லவில்லை.

உங்களைச் சேர்த்துக்கொள்ளும் குருவே அதே திருப்பலியில் (பூசையில்) உங்களுக்கு உறுதிப்பூசுதலும் கொடுக்கலாம். சட்டமே அவருக்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது. புனித வாரத்தில் ஆயர் அர்ச்சித்த கிறிஸ்மா தைலத்தால், ஒலிவ எண்ணெயில் நறுமணப் பிசின் கலந்தது, நெற்றியில் சிலுவை வரைவார். மனைவி இன்னும் உறுதிப்பூசுதல் பெறாதவர் என்றால் "அவளுக்கும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்" என்று கேட்கத் தோன்றும். பிறப்பிலேயே கத்தோலிக்கரான அவருக்கு அந்தச் சலுகை பொருந்தாது. ஆயரின் தனி அனுமதி வேண்டும்.

மாதா விஷயத்துக்கு வருவோம். சேரும் அன்று எல்லோர் முன்னிலையிலும் நம்பிக்கை அறிக்கையைச் சொன்னபின் ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொல்வீர்கள்: கடவுள் வெளிப்படுத்தியவை என்று கத்தோலிக்கத் திருச்சபை நம்பி, கற்பித்து, அறிவிக்கும் அனைத்தையும் நானும் நம்பி அறிக்கையிடுகிறேன் என்பது அதன் பொருள். இதில் கேட்கப்படுவது உங்கள் இசைவு. உள்ளம் உருக வேண்டும் என்று எங்கும் இல்லை. ஜெபமாலை, வேளாங்கண்ணி நடைபயணம், செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாள் எல்லாம் பக்தி முயற்சிகள். ஒன்றைக்கூடச் செய்யாமல் நல்ல கத்தோலிக்கராக வாழலாம். ஆனால் மரியா இறைவனின் தாய் (எபேசு பொதுச்சங்கம், 431), என்றும் கன்னி, அமல உற்பவி, அதாவது பிறப்புநிலைப் பாவமின்றிக் கருவில் உருவானவர் (1854), உடலோடு விண்ணேற்பு அடைந்தவர் (1950) என்பவை கோட்பாடுகள். நற்கருணையில் கிறிஸ்து உண்மையாகவே இருக்கிறார் என்பதும், திருத்தந்தையின் தலைமையும் அப்படியே. "புரியவில்லை, சிரமமாக இருக்கிறது, ஆனாலும் திருச்சபையை நம்பி ஏற்கிறேன்" என்றால் சேரலாம். "இது பொய் என்றே நினைக்கிறேன்" என்றால் அந்த வாக்கியத்தை இப்போது சொல்லாதீர்கள். பங்குத்தந்தையிடம் அப்படியே சொல்லுங்கள். காத்திருப்பதில் நஷ்டமில்லை. திருமணம் சரியாகிவிட்டால், நீங்கள் சிஎஸ்ஐயிலேயே இருந்தாலும் மனைவி நற்கருணை வாங்கத் தடையில்லை. வீட்டாரின் நச்சரிப்புக்காக மட்டும் சேர்கிறவர்கள் அடுத்த தவக்காலத்துக்குள் கோயில் பக்கம் வருவதையே நிறுத்திவிடுவதும் உண்டு.

கால அளவு சட்டத்தில் இல்லை. திருமுழுக்கே பெறாதவர்களுக்கான நீண்ட தயாரிப்பை உங்கள்மேல் சுமத்தக் கூடாது. பாஸ்கா திருவிழிப்பு (ஈஸ்டருக்கு முந்தைய இரவு வழிபாடு) வரை காத்திருக்கவும் வேண்டாம், எந்த ஞாயிறும் ஆகும். வேதாகமம் தெரிந்தவர் என்பதால் அருளடையாளங்கள், திருப்பலி, ஒப்புரவு (பாவசங்கீர்த்தனம்) ஆகியவற்றில்தான் வகுப்பு தேவைப்படும். கேட்பதோடு நிற்காமல் அன்பியக் கூட்டத்துக்கும் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடுவது) ஞாயிறு திருப்பலிக்கும் போய் உட்காருங்கள். உறுதிப்பூசுதலில் துணைநிற்க 16 வயது நிரம்பிய, உறுதிப்பூசுதல் பெற்ற ஒரு கத்தோலிக்கர் வேண்டும். மனைவியே நிற்கச் சட்டத் தடை இல்லை என்றாலும் வேறொருவரைக் கேட்பதே நல்லது.

பாவசங்கீர்த்தனத்தை அந்த ஞாயிறுக்குச் சில நாள் முன்பே முடித்துவிடுங்கள். ஏற்கெனவே திருமுழுக்குப் பெற்றவர் என்பதால் நினைவு தெரிந்த நாள்முதல் செய்த பெரிய பாவங்களைச் சொல்ல வேண்டும். பழக்கமில்லை என்று முதலிலேயே சொன்னால் குருவே கேள்வி கேட்டு நடத்திச் செல்வார். அன்று நற்கருணைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து தண்ணீரும் மருந்தும் தவிர எதுவும் சாப்பிடக் கூடாது. திருப்பலி முடிந்த அந்த வாரமே பங்கு அலுவலகத்துக்குப் போய், சேர்ந்த தேதி, உறுதிப்பூசுதல், துணைநின்றவர் பெயர், திருமணம் சரிசெய்த விவரம் எல்லாம் பதிவேட்டில் ஏறிவிட்டதா என்று பார்த்து ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். பங்குத்தந்தை மாற்றலாகிப் போனபின் விட்டுப்போன பதிவை ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.