அப்பா அம்மாவை ஐந்து நட்சத்திர ஓட்டலுக்குச் சாப்பிட அழைத்துப் போவது எப்படி?

கேள்வி: வீடு தண்டையார்பேட்டையில். அடுத்த மாதம் அப்பா அம்மாவின் 40-வது கல்யாண நாள். ஒரு பெரிய ஓட்டலில் சாப்பிட வைக்க ஆசை. நாங்கள் யாரும் அந்த மாதிரி இடத்துக்குள் போனதில்லை. எங்கே போகலாம், எவ்வளவு ஆகும், எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்:

தாராளமாகப் போங்கள். நானும் ராயபுரம்தான். அப்பா துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சமயம், நுங்கம்பாக்கம் பக்கம் ஒரு பெரிய ஓட்டலுக்கு வீட்டில் எல்லோரையும் கூட்டிப் போனேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: எந்த ஓட்டல் என்பதெல்லாம் அப்புறம். பெரியவர்களை நிம்மதியாகச் சாப்பிட விடாதவை இரண்டுதான். ஒன்று விலை. இன்னொன்று, எல்லோரும் நம்மையே பார்க்கிறார்களோ என்ற கூச்சம். பாதி வேலையை வீட்டில் இருந்தபடி போனிலேயே முடித்துவிடலாம்.

முதலில் விலை. மெனு கார்டு அம்மா கைக்குப் போகவே கூடாது. எங்கள் அம்மா காசிமேட்டில் செவுளைத் தூக்கிப் பார்த்து, சொன்ன விலையில் பாதிக்குக் கேட்டு, நாலு கடை தள்ளிப் போய்த் திரும்பி வந்து வாங்குகிற ஆள். ஒரு மீன் அயிட்டத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் என்று அச்சில் பார்த்துவிட்டால், "எனக்குப் பசியே இல்ல கண்ணு, நீங்க சாப்பிடுங்க" என்று தண்ணீரைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அதனால் டேபிள் புக் செய்யும்போதே, விலை போடாத மெனு இருக்கிறதா என்று கேளுங்கள். சில இடங்களில் வைத்திருப்பார்கள். இல்லை என்றால் மெனுவை வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்லி, என்னென்ன வேண்டும் என்று நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். வீட்டில் கேட்டால் "பேக்கேஜ்மா, எல்லாம் சேர்த்துக் கட்டியாச்சு" என்றால் போதும். கட்டின காசு வீணாகக் கூடாது என்பதற்காகவே வஞ்சனை இல்லாமல் சாப்பிடுவார்கள்.

பஃபே போகலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். தலைக்கு இவ்வளவு என்று முடிந்துவிடும், வேண்டியதைச் சாப்பிடலாம் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முட்டி வலியோடு இருக்கும் அம்மா, கையில் கனமான பீங்கான் தட்டை வைத்துக்கொண்டு, எந்தப் பாத்திரத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒவ்வொரு மூடியாகப் பார்த்துக்கொண்டு நடப்பதில் என்ன விசேஷம் இருக்கிறது? வாழ்நாள் முழுக்க நமக்குப் பரிமாறியவர். அன்றைக்காவது உட்கார்ந்த இடத்தில் அவருக்கு யாராவது பரிமாறட்டும். சின்னப் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கும் குடும்பம் என்றால் மட்டும் பஃபே சரி. அவர்கள் நேராக ஐஸ்கிரீம் பக்கம் போய்விடுவார்கள், நமக்கும் நிம்மதி.

இனி பில். மெனுவில் இருக்கும் விலை கடைசி விலை அல்ல. பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் 'வரி தனி' என்று இருக்கும். தனியாக நடக்கும் உணவகம் என்றால் ஜிஎஸ்டி 5 சதவீதம். ஆனால் ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் போகும் ஓட்டலுக்குள் இருக்கும் உணவகம் என்றால் 18 சதவீதம். நீங்கள் அறை எடுக்காவிட்டாலும் அதே வரிதான். சிலர் இதற்கு மேல் சர்வீஸ் சார்ஜ் என்று 10 சதவீதம் போடுவார்கள், அதன் மீதும் வரி ஏறும். இரண்டும் சேர்ந்தால், 10,000 ரூபாய்க்குச் சாப்பிட்டதற்குக் கையை விட்டுப் போவது 12,980. இந்தக் கணக்கு தெரியாமல் போனால் கடைசியில் முகம் வாடும், அதை அம்மா கண்டுபிடித்துவிடுவார்.

இந்த சர்வீஸ் சார்ஜ் கட்டாயம் இல்லை. அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவகச் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. அதனால் "இதை எடுத்துடுங்க" என்று நிதானமாகக் கேட்கலாம், எடுத்துவிடுவார்கள். முரண்டு பிடித்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. ஆனால் கல்யாண நாள் அன்று அந்தச் சண்டையை டேபிளில் வைத்துக்கொள்ளாதீர்கள். கை கழுவப் போவதாகச் சொல்லி எழுந்து, கல்லாவில் பேசி, கார்டைத் தேய்த்துவிட்டு வந்துவிடுங்கள். பில் அந்தத் தோல் அட்டைக்குள் டேபிளுக்கு வரவே வேண்டாம். பரிமாறிய பையனுக்குக் கொடுக்க நினைப்பதைக் கையில் ரொக்கமாகக் கொடுத்தால் அவனுக்கு நேராகப் போய்ச் சேரும்.

தண்ணீரிலும் ஒரு சின்னச் செலவு ஒளிந்திருக்கிறது. உட்கார்ந்ததும் ஒருவர் வந்து பாட்டில் தண்ணீரில் எது வேண்டும் என்று மரியாதையாகக் கேட்பார். "ரெகுலர் வாட்டர் போதும்" என்று சொல்லுங்கள், வடிகட்டிய தண்ணீர் காசில்லாமல் வரும். பாட்டில் வாங்கினால் அதில் அச்சிட்ட விலையைவிட அதிகம் போடுவார்கள். ஓட்டல்கள் அப்படி வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றமே 2017-இல் சொல்லிவிட்டது, அதனால் அதில் வாதாடிப் பயனில்லை.

எங்கே போவது? நம்ம பக்கம் அந்த ரகத்தில் ஒன்றும் இல்லை, கூவத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். நுங்கம்பாக்கத்தில் தாஜ் கோரமண்டல் ஓட்டலுக்குள் சதர்ன் ஸ்பைஸ் என்ற உணவகம், நம் தென் மாநிலச் சமையல் கிடைக்கும். கன்னிமாரா ஓட்டலில் ரெயின்ட்ரீ, செட்டிநாட்டுச் சாப்பாட்டுக்குப் பெயர் போனது. கிண்டி ஐடிசி கிராண்ட் சோழா ஓட்டலில் பெஷாவரி என்ற வடநாட்டுச் சாப்பாட்டு உணவகம் இருக்கிறது. முள்கரண்டியை நினைத்துப் பயப்படும் பெரியவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். அங்கே கையால் சாப்பிடுவதுதான் வழக்கம். சட்டையில் சிந்தாமல் இருக்கக் கழுத்தில் கட்டிக்கொள்ளத் துணியும் தருவார்கள். கோட்டு போட்டவர்களும் அந்தத் துணியைக் கட்டிக்கொண்டு கையால்தான் ரொட்டியைப் பிய்ப்பார்கள், நம் ஆட்களுக்குக் கூச்சம் வர இடமே இல்லை. இரவு முழுக்க அடுப்பில் வேகும் கறுப்பு உளுந்து தால் அங்கே பிரபலம். சோறு இல்லாமல் சாப்பாடே இல்லை என்கிறவர்கள் என்றால் மட்டும் யோசியுங்கள். அதே ஓட்டலில் அவர்தனா என்று ஒன்று இருக்கிறது. கிண்ணம் கிண்ணமாக ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டு வந்து, ரசத்தைத் தெளிவாக வடித்துக் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றித் தருவார்கள். அருமையான இடம்தான். ஆனால் அதற்கு நீங்களும் உங்கள் வீட்டம்மாவும் தனியாகப் போங்கள். அப்பா அம்மா போனால் "சோறு எப்போ போடுவாங்க?" என்றுதான் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கடலோரத்துக் குடும்பத்தைப் பெரிய ஓட்டலுக்குக் கூட்டிப் போய் மீன் வாங்கிக் கொடுக்காதீர்கள். அன்றைக்கு எங்கள் டேபிளுக்கு வந்தது வெள்ளைத் தட்டின் நடுவில், வாழையிலையில் மடித்த உள்ளங்கை அகலத் துண்டு ஒன்று. அம்மா இலையைப் பிரித்து, ஆள்காட்டி விரலால் லேசாக அழுத்தினார். சதை ஏடு ஏடாகப் பிரிந்தது. "கொடுவா" என்றார். பரிமாறிய பையனும் ஆமாம் என்றான்.

"தலை எங்க தம்பி?"

"கிச்சன்லயே எடுத்துடுவாங்கம்மா."

"இன்னாத்துக்கு? அதுலதான ருசி."

அதிகம் பேசாத அப்பா, தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "அவங்க கொழம்பு வெச்சு சாப்ட்டிருப்பாங்க, வுடு" என்றார். பையன் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பி நின்றுகொண்டான்.

கூச்சத்தைப் பற்றி இப்போது சொல்லிவிடுகிறேன். பரிமாறுகிறவர்களால் அது வருவதில்லை, அவர்கள் பார்க்காத குடும்பமா? அது நம்மால் வருகிறது. "அம்மா, மெதுவா பேசு", "அப்பா, அதை இடது கையில பிடிங்க" என்று காதோரம் சொல்லிக்கொண்டே இருப்போம் பாருங்கள், அதுதான் அவர்களைச் சுருங்க வைக்கும். எங்கள் அம்மா சாப்பிட்டு முடித்ததும் எல்லார் தட்டிலும் இருந்த எலும்பையும் முள்ளையும் ஒரே தட்டில் வழித்துப் போட்டு, மற்றதை அடுக்க ஆரம்பித்துவிட்டார். என் தங்கை கையைப் பிடித்து இழுத்தாள். அந்தப் பையனோ, "குடுங்கம்மா, பாதி வேலைய நீங்களே முடிச்சிட்டீங்க" என்று வாங்கிக்கொண்டு போனான். விட்டுவிடுங்கள். கையால் சாப்பிடட்டும், சத்தமாகச் சிரிக்கட்டும். அந்த இடத்துக்குக் காசு கொடுத்திருக்கிறோம்.

உடைக்கும் அதேதான். அப்பா வேட்டி கட்டுகிறவர் என்றால் வேட்டியிலேயே வரட்டும். உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரையே வேட்டிக்காக ஒரு கிளப்பில் உள்ளே விடாமல் போன பிறகு, அப்படித் தடுக்கக் கூடாது என்று 2014-இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்துவிட்டது. ரப்பர் செருப்பு மட்டும் வேண்டாம், ஒரு நல்ல தோல் செருப்பு போதும். ஏசி கடுமையாக இருக்கும், அம்மாவுக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

கிழமை பார்த்து புக் செய்யுங்கள். கல்யாண நாள் வெள்ளிக்கிழமையிலோ அமாவாசையிலோ விழுந்து, அம்மா கவிச்சி தொட மாட்டேன் என்றால் எல்லாம் போச்சு. புரட்டாசி என்றால் கேட்கவே வேண்டாம். முன்னே பின்னே தள்ளி வைப்பதில் தப்பில்லை. இரவைவிட மதியம் நல்லது என்பது என் கட்சி. கூட்டம் குறைவு, பெரியவர்களுக்கு ஜீரணமும் ஆகும். இன்னொன்று, அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தால் சாப்பாட்டுக்கு முன் போடும் மாத்திரையை வீட்டிலேயே போட்டுக்கொண்டு கிளம்ப விடாதீர்கள். இந்த இடங்களில் ஆர்டர் கொடுத்து வருவதற்கு அரை மணி நேரம் ஆனாலும் ஆகும். முதல் தட்டு கண்ணில் பட்ட பிறகு போட்டுக்கொள்ளட்டும். கேக்கை வெளியிலிருந்து வாங்கிப் போகாதீர்கள், பல ஓட்டல்களில் அனுமதி இல்லை. கல்யாண நாள் என்று போனில் சொன்னாலே பெரும்பாலும் ஒரு சின்ன கேக் அவர்களே கொண்டு வருவார்கள்.

போக்குவரத்துக்கு உங்களுக்குக் கவலையே இல்லை. 2021-இல் விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்ட பிறகு, தண்டையார்பேட்டையில் ஏறினால் வண்டி மாறாமல் லிட்டில் மவுண்ட் போய் இறங்கலாம், கிராண்ட் சோழா அங்கிருந்து பக்கம். நுங்கம்பாக்கம் என்றால் ஆயிரம் விளக்கில் இறங்குங்கள். அங்கிருந்து வாசலுக்கு மட்டும் டாக்சி வைத்துக்கொள்ளுங்கள். சில ஓட்டல்களில் ஆட்டோவைக் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள், அம்மா உள்ளே வரை நடக்க வேண்டியிருக்கும்.

அப்புறம், கிளம்பும் முன் வீட்டில் ஒரு ஆழாக்கு சோறு வடித்து, கொஞ்சம் ரசமும் வைத்துவிட்டுப் போங்கள். எவ்வளவுதான் சாப்பிட்டிருந்தாலும் ராத்திரி எட்டு மணிக்கு அப்பா சமையலறைப் பக்கம் போவார்.